கையெழுத்துப் போடாத மேஸ்திரி

கட்டுமான நிறுவனங்கள் தங்கள் திட்ட மேலாளர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்புகளில் ஒரு படம் தவறாமல் திரையில் வரும். புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-இல் முன்வைத்த நான்கு கட்டங்கள் அதில் இருக்கும்: ஒரு குழு கூடுகிறது, முட்டி மோதுகிறது, தனக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்கிறது, அதன்பின் திறம்பட இயங்குகிறது. அண்மையில் அப்படியொரு வகுப்பில் அமர்ந்திருந்தபோது எனக்குள் பழைய எரிச்சல் ஒன்று மீண்டும் தலைதூக்கியது. டக்மன் தம் கட்டுரைக்கு ஆதாரமாகக் கொண்ட ஆய்வுகளில் பெரும்பகுதி, உளச்சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அதாவது, அதே ஆட்கள் திரும்பத் திரும்பக் கூடிப் பேசும் சிறு குழுக்கள். எங்கள் சைட்டில் அஸ்திவாரம் தோண்டியவர்களில் ஒருவர்கூட டைல்ஸ் ஒட்டும் காலத்தில் இருப்பதில்லை. 1977-இல் டக்மனும் அவருடைய சக ஆய்வாளரும் ஐந்தாவதாக, குழு கலைந்துபோகும் கட்டம் ஒன்றையும் சேர்த்தார்கள். நம் தொழிலில் அதுதான் முதலில் நடக்கிறது என்று பக்கத்தில் இருந்த மேலாளரிடம் முணுமுணுத்தேன். அவர் சிரிக்கவில்லை, ஹோலிக்கு ஊருக்குப் போன கம்பி வேலைக் கூட்டம் இன்னும் திரும்பவில்லை என்ற கவலையில் இருந்தார்.

வகுப்பு நடத்தியவர் கெட்டிக்காரர்தான். நல்ல ஆட்களைத் தேர்ந்தெடுங்கள், இலக்கைத் தெளிவாகச் சொல்லுங்கள், மனம்விட்டுப் பேசும் சூழலை உருவாக்குங்கள் என்று அவர் சொன்னவற்றில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் 'குழு' என்று சொன்னபோதெல்லாம் அவர் மனத்தில் இருந்தது அலுவலகக் கொட்டகையில் ஏசிக்குக் கீழே உட்காரும் பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சைட் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் நிர்வாக வரைபடத்தைப் பாருங்கள். மேலே திட்ட மேலாளர், அடுத்து திட்டமிடல், தரக்கட்டுப்பாடு, பாதுகாப்பு, பில்லிங், ஸ்டோர்ஸ், கீழே சைட் இன்ஜினியர்கள், அதற்கும் கீழே ஃபோர்மேன். அத்தோடு பெட்டிகள் முடிந்துவிடும். கட்டடத்தைக் கையால் தொடும் இருநூறு பேரும் அந்தத் தாளின் அடிவிளிம்புக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு 'லேபர்' என்று ஒரே பெயர். மாத அறிக்கையில் ஒரு எண்ணிக்கை.

சதுரடியும் டன்னும்

ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன் அங்கே எத்தனை கூட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போகின்றன என்பது சைட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். சென்ட்ரிங் ஆட்கள், கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்க, முட்டுக்கால் நிறுத்தி ஷீட் பரப்புகிறார்கள். அதன்மேல் கம்பி ஆட்கள். கீழ்க்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் இடையே எலெக்ட்ரீஷியன் பைப் ஓட்டி ஃபேன் பாக்ஸ் வைக்கிறார். கழிவறைப் பக்கம் பிளம்பர், பின்னால் குழாய் நுழைய வழிவிடும் ஸ்லீவ் வைக்கிறார். கடைசியாகக் கான்கிரீட் கூட்டம். இவர்களில் ஒவ்வொருவரும் வேறு வேறு சப் கான்ட்ராக்டரின் ஆட்கள்; ஒவ்வொருவருக்கும் கூலி வேறு அளவுகோலில். சென்ட்ரிங்குக்குச் சதுரடிக் கணக்கு, கம்பிக்கு டன் கணக்கு, மின்வேலைக்கு பாயின்ட் கணக்கு, கான்கிரீட்டுக்குக் கன மீட்டர் கணக்கு. பில்லிங் வசதிக்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு இல்லை. ஆனால் சதுரடிக்கும் டன்னுக்கும் நடுவில் விழும் வேலைக்கு எந்த வொர்க் ஆர்டரிலும் ரேட் கிடையாது.

பால்கனியை எடுத்துக்கொள்வோம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தளத்தில் இழுவிசை மேற்பக்கம் வருகிறது; ஆகவே முக்கியமான கம்பி மேலேதான் இருக்க வேண்டும். கம்பி ஆட்கள் அதைச் சரியான உயரத்தில், அடியில் 'சேர்' என்னும் கம்பித் தாங்கிகள் வைத்துக் கட்டிவிட்டு, டன் கணக்கை எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த தளத்துக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் கான்கிரீட் கூட்டம் வைப்ரேட்டரையும் பம்ப் குழாயையும் இழுத்துக்கொண்டு அதன்மேல் நடக்கிறது. கம்பி மிதிபட்டுக் கீழே இறங்குகிறது. இரண்டு கம்பி ஆட்கள் கூடவே நின்று, மிதிபட்ட கம்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டே வந்தால் போதும், தீர்ந்தது. அந்த இருவருக்கு அன்றைய கூலி யார் தருவது? டன் கணக்குக்காரர் தரமாட்டார்; அவர் டன் ஏற்கெனவே கட்டியாயிற்று. கன மீட்டர்க்காரருக்கும் அது சம்பந்தமில்லாத செலவு. சில ஆண்டுகள் கழித்து பால்கனி கட்டடத்தோடு சேரும் இடத்தில் மேற்பக்கம் விரிசல் விடும்போது, ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள் என்பதற்கு மெஷர்மென்ட் புத்தகத்தில் சான்று இருக்கும்.

இந்த இடைவெளி நம் ஊர் மேஸ்திரிகளின் படிப்பறிவின்மையால் வருவது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி. 1981 ஜூலை 17 அன்று அங்கே ஹயாட் ரீஜென்சி விடுதியின் முகப்புக் கூடத்தில் தொங்கிய நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கிய நீளமான ஒரே கம்பி நான்காம் மாடிப் பாலத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் மாடிப் பாலம்வரை போனது. எஃகு வேலைக்காரர்களுக்கு அவ்வளவு நீளத்துக்கு மரை போட்டுப் பொருத்துவது தொல்லையாக இருந்ததால், இரண்டு தனிக் கம்பிகளாகப் பிரித்துக்கொள்ளும் மாற்றம் வந்தது. பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் அதனால் கீழ்ப்பாலத்தின் பளு முழுவதும் மேல்பாலத்தின் உத்திரத்தில் தொங்கலாயிற்று. அந்த இணைப்பின் மேல் சுமை இரு மடங்கானது. முதல் வடிவமைப்பே விதிமுறை கேட்ட வலுவில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது என்பதும் பின்னர் தெரிந்தது. இணைப்பைக் கணக்கிட வேண்டியவர் அடுத்தவர் என்றே இரு தரப்பும் எண்ணியிருந்தன. படித்தவர்கள், உரிமம் பெற்றவர்கள், முறைப்படி முத்திரையிட்ட வரைபடங்கள். இருந்தும் அந்தத் தாள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போன வழியில் அதைத் தன் பொறுப்பென்று எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

ஐப்பசி மழை

என் எண்ணத்தை மாற்றிய மாலை ஒன்று உண்டு. சென்னையின் தென்பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. நான் அப்போது திட்டமிடல் இன்ஜினியர்; எனவே தாமதம் என்ற சொல்லுக்கு அந்த சைட்டிலேயே அதிகம் பயந்தவன் நான்தான். வாகன நிறுத்தத் தளத்துக்கு மேலுள்ள பெரிய தளத்தை மறுநாள் போடுவதாக ஏற்பாடு. 6 கன மீட்டர் கலவை வண்டிகள் இருபத்தைந்துக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. பம்ப் வந்து நின்றுவிட்டது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது; மறுநாள் வெயில் என்று வானிலை அறிக்கை சொன்னது. கான்கிரீட் போடுவதற்கு முன் எல்லாத் தரப்பும் கையெழுத்துப் போட வேண்டிய அட்டையில் கம்பி, மின்வேலை, பிளம்பிங், தரக்கட்டுப்பாடு என எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. சென்ட்ரிங் கட்டம் மட்டும் காலி.

சென்ட்ரிங் மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். அதிகம் பேசாதவர். அன்று பிற்பகல் முழுவதும் அவர் கையெழுத்துப் போட மறுக்கவில்லை, போடவும் இல்லை. முதலில் பசங்கள் முட்டுக்காலின் உயரத்தைச் சரிசெய்யும் ஜாக்கி இன்னும் இரண்டு முறுக்க வேண்டும் என்றார். பிறகு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். பிறகு அவரைக் காணோம். எங்கள் இளம் இன்ஜினியர் ஒருவர் பொறுமையிழந்து, மேஸ்திரி கூடுதல் ரேட் கேட்பதற்காக இழுத்தடிக்கிறார் என்று மேலாளரிடம் போய்ச் சொன்னார். அந்தச் சந்தேகம் எனக்கும் வராமல் இல்லை. மேலாளர் எழுந்து வெளியே வந்தார். வண்டிகள் ஏறி இறங்கும் சரிவான ரேம்ப் ஓரம் குடையோடு நின்றிருந்த மேஸ்திரியிடம் போனார். அட்டையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"நாளைக்கு வேலை நின்னா உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் மேஸ்திரி?" என்றார்.

மேஸ்திரி இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு விரல்விட்டுக் கணக்குச் சொன்னார்: பசங்களின் ஒரு நாள் கூலி, சாப்பாடு, அடுத்த தளத்துக்குப் போக வேண்டிய ஷீட்டும் ஜாக்கியும் இங்கேயே முடங்குவதால் தள்ளிப்போகும் சதுரடி.

"அதை கம்பெனி குடுத்துடும். நான் எழுதித் தர்றேன். இப்போ சொல்லுங்க, நாளைக்குப் போடலாமா?"

"ரேம்ப் பக்கம் வேணாம் சார். அது நாம கொட்டுன மண்ணு. நல்லா தண்ணி குடிச்சிருக்கு. காலு எறங்கிடுமோன்னு இருக்குது."

அவ்வளவுதான் நடந்தது. மேலாளர் அங்கேயே நின்று கலவை ஆலைக்குப் போன் செய்து ஆர்டரை நிறுத்தினார். எதிர்முனையில் கேட்ட வசவை முகம் மாறாமல் வாங்கிக்கொண்டார். மறுநாள் முட்டுக்கால்களின் அடிப்பலகைகளைச் சுற்றித் தோண்டிப் பார்த்தோம். 150 மில்லிமீட்டர் தளம் என்றால் ஈரக் கான்கிரீட்டின் எடை மட்டும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 375 கிலோ. அதோடு ஆட்கள், பம்ப் குழாய், ஷீட்டின் எடை எல்லாம் அந்தக் கால்கள் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்க வேண்டும். இரண்டு வரிசைக் கால்களின் கீழே பலகை விரல் தடிமனுக்கு இறங்கியிருந்தது. மற்றவை உறுதியாகத்தான் இருந்தன. அப்படியே போட்டிருந்தாலும் ஒருவேளை நின்றிருக்கும், அடியில் கொஞ்சம் தொய்வு தெரிந்திருக்கும் என்றார் ஸ்ட்ரக்சுரல் ஆலோசகர். 2014 ஜூன் 28 மாலை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததிலிருந்து, மழையும் கட்டடமும் சேர்ந்த பேச்சு வந்தால் சென்னையில் எந்த சைட்டும் ஒரு நொடி அமைதியாகும். அங்கே காரணம் முட்டுக்கால் அல்ல என்றாலும். ஆனால் எங்கள் சைட்டில் ஒரு பேரழிவு தடுக்கப்பட்டது என்று நான் எழுதினால் அது பொய். தடுக்கப்பட்டதா என்பது யாருக்கும் தெரியாது. கால்களுக்கு அடியில் வெறும் கான்கிரீட் பட்டை போட்டு, சில நாள் தாமதமாகத் தளத்தை முடித்தோம். என் அட்டவணையில் அந்தத் தாமதம் சிவப்பாகவே இருந்தது.

நான் யோசித்துக்கொண்டே இருந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். பாதுகாப்பா இல்லையா என்று மேலாளர் நேராகக் கேட்டிருந்தால், "ஒண்ணும் ஆகாது சார்" என்ற பதில்தான் வந்திருக்கும். அந்தப் பதிலை நானே எத்தனையோ முறை கேட்டு, நம்பி, குறித்துக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் சொன்னால் அதன் செலவு முழுவதும் அவர் தலையில் விழும்படி நாங்கள் வொர்க் ஆர்டர் எழுதி வைத்திருந்தோம். சதுரடிக் கணக்கில் வேலை செய்பவன் வேலையை நிறுத்தச் சொல்வது, தன் பசங்களின் அன்றைய சாப்பாட்டைத் தானே நிறுத்துவது. மனம்விட்டுப் பேசுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டுவதற்கு முன்னால் இதைக் கவனித்திருக்க வேண்டும். மேலாளர் முதலில் அந்தச் செலவைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டார். பேச்சு அதன் பின்னால்தான் வந்தது.

அடுத்த வாரங்களில் சைட்டின் நடப்பில் சிறு சிறு மாற்றங்கள் தெரிந்தன. திருத்திய வரைபடத்தில் ஒரு ஸ்லீவ் இடம் மாறியிருப்பதாகவும், அப்படியே விட்டால் பின்னர் உத்திரத்தைத் துளைக்க வேண்டிவரும் என்றும் பிளம்பர் தாமாகவே வந்து சொன்னார். கம்பி ஆட்கள் இருவர் கான்கிரீட் முடியும்வரை நிற்பதற்குத் தனிக் கூலி கிடைத்தது. மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து வந்த கம்பி வேலைக் கூட்டத்தில் தமிழ் தெரிந்த ஓர் இளைஞன் இருந்தான். அவன் வழியாகத்தான் எல்லாப் பேச்சும் நடந்தது. ஆனால் அவனுக்கு ஹெல்பர் கூலிதான். மேலாளர் அதையும் கவனித்து, அவன் கூலியில் ஒரு பகுதியைக் கம்பெனிக் கணக்கில் சேர்த்தார். எந்த நிர்வாக வரைபடத்திலும் இல்லாத பதவி அது. அவன் ஊருக்குப் போன மாதத்தில் எங்கள் மறுவேலைச் செலவு எப்படி ஏறியது என்பது பில்லிங்காரருக்குத் தெரியும்.

எல்லாம் சீராக நடந்ததாக எண்ணிவிட வேண்டாம். நின்ற நாளுக்குக் கூலி உண்டு என்று தெரிந்ததும் ஒரு கூட்டம் காரணமில்லாமல் வேலையை நிறுத்தத் தொடங்கியது. அவர்களை அனுப்ப வேண்டி வந்தது. மேலாளர் அதற்குக் கண்டுபிடித்த வழி, தினமும் காலையில் நின்றபடியே நடத்தும் ஒரு சிறு கூட்டம். ஒவ்வொரு மேஸ்திரியும் தமக்கு முன்னால் வேலை செய்யும் கூட்டத்திடமிருந்து இன்று என்ன வேண்டும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். க்ளென் பல்லார்டும் கிரெக் ஹோவெல்லும் அமெரிக்காவில் 1990-களில் வளர்த்தெடுத்த திட்டமிடல் முறையும் அடிப்படையில் இதுதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வாரத்துக்கு ஒப்புக்கொண்ட வேலைகளில் பாதிக்குச் சற்று மேல்தான் உண்மையில் முடிகின்றன என்பது அவர்கள் பல சைட்களில் கண்ட நிலை. வேலையைக் கையால் செய்யப்போகிறவரே வாக்குக் கொடுக்க வேண்டும். முன்வேலை முடியாவிட்டால் வாக்குக் கொடுக்க மறுக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும் என்பது அந்த முறையின் சாரம்.

லண்டனில் எடுத்த பெரிய கணக்கு

செலவை யார் சுமப்பது என்ற இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்த திட்டம் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம். 430 கோடி பவுண்டு வேலை. பிரிட்டனில் கட்டுமானத் துறையின் ஓயாத வழக்குச் சண்டைகளைப் பற்றி 1994-இல் மைக்கேல் லேதமும், 1998-இல் ஜான் ஈகனும் அரசுக்கு அறிக்கை கொடுத்திருந்தார்கள். ஈகன் அப்போது ஹீத்ரோவை நடத்திய பி.ஏ.ஏ. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். அந்த நிறுவனம் ஐந்தாம் முனையத்துக்காக எழுதிய ஒப்பந்தத்தில் இடர்ப்பொறுப்பு முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தக்காரர்களுக்கு உண்மைச் செலவும், முன்பே பேசிய இலாபமும் கிடைக்கும். தவறு நேர்ந்தால் யார் தலையில் கட்டுவது என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்க யாருக்கும் காரணம் இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் ஆட்கள் ஒரே அறையில் ஒரே குழுவாக உட்கார்ந்தார்கள். கூரையின் ஒரு பகுதியை யார்க்‌ஷயரில் முதலில் ஒத்திகையாக நிறுத்திப் பார்த்து, சிக்கல்களை அங்கேயே தீர்த்துக்கொண்டு வந்தார்கள். ஒத்திகைக்கு ரேட் இல்லை என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்த இடம். முனையம் சொன்ன தேதியில் திறந்தது.

2008 மார்ச் 27, முதல் நாள். பெட்டிகள் குவிந்தன, விமானங்கள் ரத்தாயின, உலகம் சிரித்தது. பெட்டி கையாளும் ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. வண்டி நிறுத்த இடம் தேடுவதிலும் பாதுகாப்புச் சோதனையிலுமே அவர்கள் காலை நேரம் போய்விட்டது. இதைக் காட்டி, அந்த ஒப்பந்த முறையே வீண் என்று வாதிட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். நான் அப்படிப் பார்க்கவில்லை. கட்டியவர்கள் ஒரு குழுவாக இருந்தார்கள். கட்டியதைப் பயன்படுத்த வேண்டியவர்களுக்கு அந்தக் குழுவில் போதிய இடம் இல்லை. கான்சாஸ் சிட்டியில் இரு மேசைகளுக்கு நடுவே இருந்த அதே இடைவெளி, இங்கே சாவி கைமாறும் நாளில் திறந்துகொண்டது.

நம் ஊரில் ஒரு தனிவீட்டுக் கான்ட்ராக்டரால் பி.ஏ.ஏ. போல முழு இடரையும் சுமக்க முடியாது. அரசு டெண்டர்களில் பெரும்பாலும் குறைந்த விலைக்காரருக்கே வேலை என்பதால், நின்ற நாள் கூலியை விலைப்புள்ளியில் சேர்த்தவர் அங்கேயே தோற்றுவிடுவார். பெரிய தனியார் சைட்களில்கூட சிவில் வேலை முடிந்து டைல்ஸ், பெயின்ட், தச்சு வேலைகள் தொடங்கும்போது, நாற்பது சிறு கூட்டங்கள் ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன. காலைக் கூட்டத்தில் நிற்க இடமே போதாது. நான் சொன்ன மேலாளரும் அந்தக் கட்டத்தில் திணறினார். பெயின்டருக்கு முன் கதவு மாட்டுவதா, கதவுக்கு முன் பெயின்ட் அடிப்பதா என்ற சண்டையை எந்த ஒப்பந்தமும் இதுவரை தீர்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் பொறுப்பேற்கும் சைட்களில் லேபர் வொர்க் ஆர்டர்களில் ஒரு வரி சேர்க்கிறேன்: கான்கிரீட்டுக்கு முன் பாதுகாப்புக் காரணம் சொல்லி ஒரு மேஸ்திரி வேலையை நிறுத்தக் கேட்டால், சோதித்துப் பார்க்கும் அந்த ஒரு நாளுக்கு அவருடைய ஆட்களின் கூலியை நிறுவனம் தரும், சோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் தரும். பின்பாதிதான் முக்கியம், அது இல்லாவிட்டால் நூறு சதவீதம் உறுதியானவர் மட்டுமே வாய் திறப்பார், மண்ணைப் பற்றி நூறு சதவீதம் உறுதியானவர் யாரும் இல்லை. தலைமை அலுவலகக் கணக்குப் பிரிவு அந்தப் பின்பாதியை முதலில் அடித்துவிட்டது. நான் திரும்பச் சேர்த்து அனுப்பினேன். செய்யாத வேலைக்குக் கொடுக்கும் பணத்தை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. இப்போதைக்கு அது, கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்கும் க்யூப் டெஸ்ட் செலவோடு சேர்ந்து தரக்கட்டுப்பாட்டுக் கணக்கில் போகிறது. வரும் தணிக்கையில் அதற்கு ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.